ஒரு பரல் மழைத்தண்ணீர்: வன்னி வளவில் பூச்சி பிடிக்கும் செடிகளும் பல்லாண்டுச் செடிகளும்

தை மாதம் குளத்து நீர் இறங்கத் தொடங்கியதும் ஒரு காலை கரையோரமாக நடந்து பாருங்கள். நீர் விட்டுப்போன ஈரமணலில், புல் அடர்ந்து வளராத இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் சிவப்புப் பொட்டுகள் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அவை செடிகள் என்று தெரியும். சின்னக் கரண்டி போன்ற இலைகள் வட்டமாக விரிந்திருக்கும். இலையின் விளிம்பெல்லாம் மயிர் போன்ற கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு துளி. வெயில் ஏறிப் பக்கத்துப் புல்லில் பனி காய்ந்த பிறகும் அந்தத் துளி மட்டும் காயாது, ஏனென்றால் அது பனி இல்லை, பசை. ஒரு சிற்றெறும்பு அதில் கால் வைத்தால் வெளிக்கால்கள் சில நொடிகளிலேயே உள்நோக்கி மடிந்து அதை இலையின் நடுவுக்குத் தள்ளிவிடும்.

இதுதான் அழுகண்ணி. பள்ளியில் துரோசெரா என்று படித்திருப்பீர்கள். பூச்சி பிடிக்கும் செடி என்றாலே பலருக்குச் சிங்கராஜாக் காடுதான் நினைவுக்கு வரும், அல்லது வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் வாய் பிளந்த செடி. வன்னி வெயிலில் அதெல்லாம் சரிவருமா என்று கேட்பார்கள். சரிவரும், நாம் நடக்கும் ஈரமணலிலேயே அது வளர்கிறது. வீட்டு வளவில் வைத்துக் காப்பாற்றுவதற்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

பல்லாண்டுச் செடிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அழுகண்ணியை மட்டும் தனியாக முற்றத்தில் வைத்தால் சோளகக் காற்று அதைத் தின்றுவிடும். செவ்வரத்தையும் அலரியும் ஒரு பக்கம் நின்று காற்றை மறித்தால்தான் இந்தச் சின்னச் செடிகளுக்கு வாழ்வு. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு. ஒன்றுக்கு அமுதம் மற்றதற்கு நஞ்சு.

ஏன் பூச்சி பிடிக்கிறது?

இந்தச் செடிகள் பிறந்தது சத்தில்லாத நிலத்தில். மழை அடித்து அடித்துக் கழுவிய மணலில் நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. அந்தக் குறையைத்தான் பூச்சியைக் கொண்டு நிரப்புகின்றன. வேர் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் குடிக்கத்தான். அந்த வேருக்கு உப்பையும் பசளையையும் தாங்கும் பழக்கம் இல்லை.

இதை நான் கற்றது ஒரு சாடிச் செடிகளைப் பறிகொடுத்துத்தான். முதல் வருடம் நன்றாக வரட்டும் என்று உக்கிய மாட்டெருவை ஒரு பிடி மணலில் கலந்தேன். இரண்டு கிழமையில் இலைகள் கறுத்துச் சுருண்டன. அடுத்த வருடம் எரு போடவில்லை, ஆனால் ஆடி மாதம் மழைத்தண்ணீர் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். மணலின் மேல் மெல்லிய வெள்ளைப் படை படிந்தது. முதலில் இலை நுனியில் துளி நின்றுபோனது, பிறகு செடியே போனது. துளி இல்லாத அழுகண்ணி பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். உங்கள் செடி நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேறு அளவுகோல் தேவையில்லை. காலையில் துளி மின்னுகிறதா என்று பாருங்கள், போதும்.

முதல் வேலை: உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள்

வன்னியில் பெரும்பாலான கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்தில் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தாலே விளங்கும். குடிக்க நல்ல தண்ணீர் என்று பெயர் வாங்கிய கிணறுகூட இந்தச் செடிகளுக்கு உப்பாக இருக்கலாம்.

சோதிப்பதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கறுப்பு நிறத் தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் தள்ளி ஒரு கரண்டி மழைத்தண்ணீரும் விட்டு வெயிலில் காய விடுங்கள். காய்ந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். மழைத்தண்ணீர் இருந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அந்த வளையம்தான் நாள்தோறும் சாடியில் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.

இன்னொரு சாட்சி உங்கள் வளவிலேயே நிற்கலாம். வெட்சி, அதாவது எக்சோரா, நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை முழுவதும் மஞ்சளாகிறதா? மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்தால் அது இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இப்படி வெளிறும். அந்தத் தண்ணீரை அழுகண்ணிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் பேனை போன்ற ரிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை பிபிஎம் கணக்கில், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். 50க்குக் கீழே என்றால் யோசிக்காமல் ஊற்றலாம். 100 வரை சமாளிக்கலாம். அதற்கு மேலே வேண்டாம்.

கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் அடியில் படியும், ஆனால் தண்ணீர் வற்ற வற்ற மிச்ச உப்பு இன்னும் செறியும். மண் வடிகட்டியும் உப்பைப் பிடிக்காது. குடிதண்ணீருக்காக, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ இயந்திரம் வைத்திருக்கும் ஊர்கள் இப்போது வன்னியில் பல உண்டு. அந்தத் தண்ணீர் நல்லது. அவசரத்துக்கு ஒரு போத்தல் வாங்கி வைத்திருங்கள். ஆனால் மாரியில் வானம் இலவசமாகக் கொட்டுவதைச் சேர்த்தால் அதற்கும் தேவை வராது.

மழையைப் பிடித்து வைப்பது

நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடைக் காற்றோடு வருகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே நான்கைந்து மாதத்துக்குத் தேவையானதைப் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு? கணக்கு இலேசானது.

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். கொட்டிலின் கூரை 10 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர், ஒரு நீலப் பரல் நிரம்பிவிடும். கார்த்திகையில் ஒரே இரவில் அதற்கு மேலே பெய்யும்.

செலவுப் பக்கம் இப்படி. 30 சென்ரிமீற்றருக்கு 40 சென்ரிமீற்றர் தட்டு ஒன்றில் சாடிகளை வைத்திருக்கிறீர்கள். காற்றடிக்கும் கோடை நாளில் திறந்த தண்ணீர் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வற்றும் என்று எடுத்தால், தட்டுக்கு நாளுக்கு முக்கால் லீற்றர் போதும். 150 நாளுக்கு 110 லீற்றர் அளவில் வருகிறது. ஒரு பரலில் மிச்சமும் இருக்கும்.

ஆவணி முடிவதற்குள் கூரையைக் கூட்டிக் கழுவி, பீலியில் அடைத்த வேப்பஞ் சருகை எடுத்துவிடுங்கள். முதல் மழையைப் பிடிக்க வேண்டாம். நாலைந்து மாதப் புழுதியும் குருவி எச்சமும் அதில்தான் வரும். அடுத்த மழைகளிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை ஓட விட்டு, பிறகு குழாயைப் பரலுக்குள் திருப்புங்கள். பரல் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். சீமெந்துத் தொட்டி, குறிப்பாகப் புதியது, மழைத்தண்ணீரிலும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மருந்தோ எண்ணெயோ இருந்த பரலை எவ்வளவு கழுவினாலும் எடுக்க வேண்டாம்.

பரலின் வாயை நுளம்பு வலையால் இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார் என்பதற்காக இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக. செடித் தட்டிலும் இதே கதை. கிழமைக்கு ஒரு முறை தட்டைக் கவிழ்த்து, அடியையும் ஓரத்தையும் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

மணலும் சாடியும்

கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஒரு பக்கம், அதில் சிப்பித் தூள் இன்னொரு பக்கம். ஆற்று மணல் நல்லது, ஆனால் அதையும் சோதியுங்கள். ஒரு சிரட்டையில் கொஞ்ச மணலைப் போட்டு மேலே வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வீடு கட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். நுரைக்காவிட்டால் எடுத்து, வாளியில் போட்டுக் கையால் கலக்கிக் கலங்கல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், கடைசி இரண்டு முறை மட்டும் மழைத்தண்ணீர்.

வெளிநாட்டில் பீற்று என்ற சேற்றுப்பாசி மண்ணைச் சேர்ப்பார்கள். இங்கே அது விலை கூட, கிடைப்பதும் அரிது. அதற்குப் பதில் தும்புத்தூள் எடுக்கலாம். ஆனால் பொச்சை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த தும்பென்றால் தூளும் உப்பாகவே இருக்கும். ஆகவே அதை மூன்று நாள் ஊறவைத்து நாளுக்கொரு முறை பிழியுங்கள், கடைசி நாள் மழைத்தண்ணீரில். பிழிந்த தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது வெளிறி வந்தால் முடிந்தது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தும்புத்தூள். அவ்வளவுதான். கடையில் விற்கும் பூச்சாடி மண், உமிச்சாம்பல், உக்கல் பசளை ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

சாடி பிளாஸ்ரிக். அடியில் துளை இருக்க வேண்டும், ஆழம் 10 சென்ரிமீற்றர் போதும். மண்சாடியும் சீமெந்துச் சாடியும் அழகுதான், ஆனால் அவை மெல்ல மெல்ல உப்பை விடும். தயிர் வாங்கிய பிளாஸ்ரிக் கோப்பைகளில் துளை போட்டு வளர்த்திருக்கிறேன், நன்றாக வந்தன.

எந்தச் செடியில் தொடங்குவது

அழுகண்ணியில். வேறு யோசனை வேண்டாம். நான் மேலே சொன்ன நிலத்தோடு ஒட்டிய சிவப்பு வட்டம் ஓர் இனம், துரோசெரா பர்மானி. இன்னொன்று துரோசெரா இண்டிகா. அது எழுந்து நிற்கும், இலை நூல் போல நீண்டு பசையோடு மின்னும், பூ இளஞ்சிவப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முன்னையது இலகு. இண்டிகாவின் விதை எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது, பொறுமை வேண்டும்.

செடியைப் பிடுங்கி வர வேண்டாம். வேர் மெல்லியது, பிடுங்கியதில் பெரும்பகுதி சாகும், கரையும் வெறுமையாகும். மாசி பங்குனியில் பூத்துக் காய்த்த தண்டு இரண்டை மட்டும் கிள்ளி ஒரு கடிதாசி உறைக்குள் போட்டு வாருங்கள். ஒரு தண்டில் தூசி போன்ற கறுப்பு விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். போகும்போது ஒரு விடயம். ஊர் ஆட்கள் நாளாந்தம் புழங்கும் பாதையையும் கரையையும் விட்டு விலக வேண்டாம். மிதிவெடிப் பலகை நிற்கும் காணியிலும், துப்பரவு முடிந்ததா என்று தெரியாத பற்றையிலும் எந்தச் செடிக்காகவும் கால் வைக்காதீர்கள்.

விதைப்பது ஐப்பசிக் கடைசியில், மழை பிடித்த பிறகு. சாடியில் மணல் கலவையை நிரப்பி, தட்டில் வைத்து, அடியிலிருந்து தண்ணீர் ஏறி மேல்மணல் ஈரமாகும்வரை காத்திருங்கள். பிறகு உறையை மடித்துப் பிடித்து விரலால் தட்டித் தட்டி விதையைத் தூவுங்கள். மேலே மண் போட்டு மூட வேண்டாம், இதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். பேய்மழையில் விதை அடித்துப் போகாமல் முதல் ஒரு மாதம் தாழ்வாரத்து ஓரத்தில், மழை நேரே விழாத ஆனால் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு கிழமையில் முளைக்கும். முளைத்தது குண்டூசித் தலையை விடச் சிறியது. முதல் தடவை பார்க்கிறவர் பாசி என்று நினைத்துக் கிளறிவிடுவார், நானே செய்திருக்கிறேன்.

தட்டில் எப்போதும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கட்டும். மேலிருந்து ஊற்றினால் பசை கழுவுப்படும், மணல் இலையில் தெறிக்கும். வெயில் நாளுக்கு ஐந்தாறு மணிநேரமாவது வேண்டும். வெயில் குறைந்தால் இலை பச்சையாக நீண்டு துளி குறையும். வெயில் போதுமானால் இரத்தச் சிவப்பாகும்.

அயலில் இருக்கும் அக்கா ஒருவர் என்னுடைய தட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு இறைச்சித் துண்டு ஏதும் போடவேணுமோ?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா, அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும். முற்றத்தில வைச்சால் தானே பிடிக்கும்" என்றேன். அவர் அன்று பின்னேரம் மேசை விளக்குக்கு வந்த ஈசல் ஒன்றைக் கொண்டுவந்து, இறகைப் பிய்த்துவிட்டு, மெல்ல இலையில் வைத்துவிட்டுப் போனார். ஈசல் அந்த இலைக்குப் பெரிது. நாலு நாளில் இலை கறுத்துவிட்டது. செடி ஓர் இலை இழந்தால் சாகாது, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். இலையின் பாதியை விடச் சிறிய பூச்சிதான் அதற்கு ஏற்றது.

குளத்தில் மிதக்கும் இன்னொன்று

மாரிக்குப் பிறகு குளத்திலும் கிடங்குகளிலும் பச்சைக் கூந்தல் போல மிதந்து, தண்ணீருக்கு மேலே மஞ்சள் பூ நீட்டும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். யூற்றிக்குலேரியா. வேரே கிடையாது. ஒரு கொத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலை நடுவே எள்ளுப் போன்ற சின்னப் பைகள் தெரியும். தின்ற பை கறுத்திருக்கும். பையின் வாயில் உள்ள மயிரை நீரில் வாழும் சிறு உயிர் தொட்டதும் கதவு உள்ளே திறந்து தண்ணீரோடு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுக்கும் குறைந்த நேரம் அது. சின்ன நுளம்புக் குடம்பியும் சில வேளை அகப்படும்.

அகலமான பிளாஸ்ரிக் பேசினில் மழைத்தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று காய்ந்த இலை போட்டு, ஒரு சாண் நீளக் கொத்து விட்டால் வளரும். பாசி மூடினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இதை வைத்தால் நுளம்பு வராது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். அந்தப் பேசினில் இரண்டு கப்பி மீன் விடுவது உறுதியான வழி.

குடுவைச் செடியும், வாங்க வேண்டாத ஒன்றும்

குடுவைச் செடியின் பெயர் நெப்பந்தீஸ். இலங்கையில் இயற்கையாக வளர்வது அதில் ஓர் இனம்தான், நெப்பந்தீஸ் டிஸ்ரிலற்றோரியா. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. தென்மேற்கு ஈரவலயத்துச் செடி, வன்னி அதற்குப் புகுந்த வீடு. காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்காதீர்கள், நாற்றுமேடையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். வென்ராட்டா என்ற கலப்பினம் கிடைத்தால் அதையே எடுங்கள், இருப்பவற்றில் தாங்கும் குணம் கூடியது அது. வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் எடுப்பிக்க நினைத்தால், நெப்பந்தீஸ் எல்லாமே, காட்டுயிர்களையும் காட்டுச் செடிகளையும் நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. அனுமதிப் பத்திரமும் தாவரத் தொற்றுத்தடுப்புச் சான்றும் இல்லாமல் கொண்டுவர முடியாது.

இதற்கு அழுகண்ணியின் பாடம் பொருந்தாது. தட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். பொச்சுத் துண்டு இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, ஊறிப் பிழிந்த தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து, மாமரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிடுங்கள். காலை வெயில் படட்டும், பத்து மணிக்குப் பிறகு நிழல். மழைத்தண்ணீரை மேலிருந்து ஊற்றி வடிய விடுங்கள். குடுவைக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டாம், அதற்குரிய நீரை அது தானே சுரக்கும். இலை நன்றாக இருந்து குடுவை மட்டும் வராவிட்டால் காற்றில் ஈரம் போதவில்லை. ஆனி ஆடியில் பெரும்பாலும் இப்படித்தான். செடியைச் சுற்றி மற்றச் சாடிகளைக் கூட்டமாக வைத்தால் கொஞ்சம் தாங்கும், ஐப்பசி பிறந்ததும் புதுக் குடுவை தொங்கும்.

வாய் மூடும் வீனஸ் செடியை வாங்க வேண்டாம். அமெரிக்காவின் வட, தென் கரோலினாக்களில் பிறந்தது அது. ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்க வேண்டும். வன்னியில் அந்த உறக்கத்தைக் கொடுக்க முடியாது, முதல் வருடம் அழகு காட்டிவிட்டு அடுத்த வருடம் தேய்ந்து போகும். ஆசைப்பட்ட பிள்ளைக்கு அதைச் சாக விட்டுக் காட்டுவதை விட, குளக்கரையில் ஒரு அழுகண்ணியைக் காட்டுவது மேல்.

காற்றை மறிக்கும் பல்லாண்டுச் செடிகள்

தட்டை எங்கே வைப்பது என்று முடிவெடுத்த பிறகு அதற்கு மேற்கே, தென்மேற்கே ஆறடி தள்ளி வேலி போல ஒரு வரிசை நடுங்கள். சோளகம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான். ஒரே வரிசை இரண்டையும் மறிக்கும், காலை வெயில் கிழக்கிலிருந்து தடையில்லாமல் விழும்.

வெளிவரிசைக்கு அலரி. கிணற்று உப்பையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும், கட்டாக்காலி மாடும் ஆடும் வாய் வைக்காது. வாய் வைக்காததற்குக் காரணம் அது நஞ்சு. மஞ்சள் அலரி இன்னும் கொடியது, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை நடவே வேண்டாம். வெள்ளை, இளஞ்சிவப்பு அலரியையும் தெருப் பக்கமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்வரிசைக்குச் செவ்வரத்தை, நந்தியாவட்டை. அடியில் பட்டிப்பூ, அது தானாக விதை விழுந்து பரவும்.

நடுவதற்கு நாள் ஐப்பசி. மாரி முழுவதும் வேர் இறங்கினால் கோடையைத் தாங்கும். பங்குனியில் நட்டால் ஆடிவரை வாளி தூக்குவதே வேலையாகிவிடும். இரண்டடி அகலம் இரண்டடி ஆழம் குழி வெட்டி, மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். மற்றப் பக்கம் மறுத்த எருவெல்லாம் இந்தப் பக்கம் தாராளமாகப் போகட்டும். செவ்வரத்தைத் தடி பென்சில் பருமனில் ஒரு சாண் வெட்டி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் மழையில் துளிர்க்கும். மல்லிகைக்குப் பதி வைப்பது நல்லது. நிலத்தைத் தொடும் கொடியை வளைத்து, கணுவில் மண் போட்டு மேலே ஒரு கல் வையுங்கள். தையில் மல்லிகையைக் கத்தரித்துவிட்டால் பங்குனியிலிருந்து மணக்கும்.

கோடையில் இவற்றுக்கு நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பதை விட, கிழமைக்கு இரண்டு முறை பாத்தி நிறைய விடுவது நல்லது. வேர் ஆழம் போகும். பாத்தியில் வைக்கோல் பரப்புங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. கறையான் வைக்கோல் வழியாக ஏறிவிடும். செவ்வரத்தைக் குருத்தில் பஞ்சு போலப் பூச்சி ஒட்டினால் குழாயால் தண்ணீரைப் பலமாக அடித்தாலே பாதி போகும், மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர். அடிக்கும் முன் அழுகண்ணித் தட்டைத் தூக்கித் தூர வையுங்கள். ஒரு துளி சவர்க்காரமும் அதன் பசையைக் கரைத்துவிடும்.

இந்த வரிசையில் கார்த்திகைப்பூக் கிழங்கு ஒன்றையும் ஊன்றச் சொல்வேன். கலப்பை போல வளைந்த கிழங்கு, அதன் நுனியில்தான் முளை. நுனி உடைந்தால் முளைக்காது, ஆகவே பூப்போல எடுத்துப் படுக்கையாக நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். கிழங்கு முழுக்க நஞ்சு, தொட்டபின் கையைக் கழுவுங்கள். மழையோடு எழுந்து செவ்வரத்தையைப் பிடித்து ஏறி, கார்த்திகையில் பூத்து, வெயில் வந்ததும் மேற்பகுதி காய்ந்து போகும். செத்துவிட்டதென்று தோண்டி எறியாதீர்கள். இடத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள், அடுத்த மாரிக்கு அதே இடத்தில் எழும்பும்.

கோடையில் அழுகண்ணி

இதே குணம்தான் அழுகண்ணிக்கும், ஒரு வித்தியாசத்தோடு. கிழங்கு இல்லை, விதைதான் உறங்குகிறது. குளக்கரையில் சித்திரைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் மணல் வெடித்து வெறுமையாகக் கிடக்கும், ஒரு செடி இருக்காது. உங்கள் தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்தால் பர்மானி இன்னும் சில மாதம் நிற்கும், ஆனால் பூத்துக் காய்த்த செடி எப்படியும் முதிர்ந்து கறுக்கும். அது உங்கள் பிழை இல்லை. காய் பழுப்பாகி வாய் திறக்கத் தொடங்கியதும், வெள்ளைக் கடிதாசியைக் கீழே பிடித்துக்கொண்டு தண்டைச் சாய்த்துத் தட்டி விதையை எடுங்கள். கடிதாசியை மடித்து, நாள் எழுதி, காய்ந்த போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.

சாடியைக் கொட்ட வேண்டாம். அதில் விழுந்த விதை நீங்கள் எடுத்ததை விடக் கூட இருக்கும். தண்ணீரை நிறுத்தி, மணல் முழுதாகக் காய்ந்ததும், கோழி கிளறாத உயரத்தில் கொட்டிலுக்குள் வையுங்கள். கிடுகுக் கூரையின் நிழல் போதும். புரட்டாசிக் கடைசியில் மேல்மணலில் வெள்ளைப் படை ஏதும் இருந்தால் அந்தப் படையை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டாவது மழையில் சாடியை வெளியே வைத்து நன்றாக நனைய விட்டுப் பிறகு தட்டில் இறக்குங்கள். மூன்றாம் கிழமையிலிருந்து காலையில் உருப்பெருக்காடியோடு போய்ப் பாருங்கள். முதல் இரண்டு இலையில் துளி இருக்காது. அடுத்து வரும் இலையில், ஊசிமுனை அளவில், இருக்கும்.